சீம்பால் வங்கியின் வேலை நேரம்

சைக்கிள் கடைக்காரரின் மனைவி வளர்க்கும் நான்கு செம்மறி ஆடுகளில் மூத்தது அன்று காலை ஆறு மணிக்கு இரண்டு குட்டி போட்டது. முதலாவது முழு வெள்ளை. இரண்டாவது மூக்கில் மட்டும் கறுப்பு. உருவத்தில் அண்ணனுக்குப் பாதி. இரண்டும் எழுந்து நின்றன, விழுந்தன, மறுபடி எழுந்து தாயின் மடியை முட்டின. தாய் வலியில் துள்ளி விலகியது. அந்த அம்மாள் மடியைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இருந்தது. காம்பைப் பிதுக்கியதில் ரத்தம் கலந்த தண்ணீர் நாலு சொட்டு வந்தது.

"ஏங்க, மடி நோய். இந்தப் பால் குட்டிக்கு ஆகாது. டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க."

கால்நடை டாக்டரம்மா அந்த நேரத்தில் வேறொரு தொழுவத்தில் ஒரு மாட்டின் பிரசவத்தில் இருந்தார். ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கை எங்கே இருந்தது என்று அவர் சொல்லவில்லை.

"அந்தப் பாலைக் குடுத்துடாதீங்க. தாய்க்கு ஊசி போட சாயங்காலம் வர்றேன். குட்டிங்கதான் இப்ப அவசரம். வேற ஆட்டோட சீம்பால் கிடைக்குமா?"

"மத்த மூணும் குட்டி போட இன்னும் மூணு வாரம் ஆகும். கடைப் பால் குடுத்தா போதாதா டாக்டரம்மா?"

"வயிறு நிறையும், அவ்வளவுதான். நல்லாக் கேட்டுக்குங்க. மனுஷக் குழந்தை வயித்துல இருக்கறப்பவே அம்மா ரத்தத்துலேர்ந்து நோய் எதிர்ப்பொருளை வாங்கிக்கும். ஆட்டுக்குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. நடுவுல இருக்கற சவ்வு விடாது. வெறுங்கையோடதான் பொறக்குது. அதுக்குப் பதிலா தாய் கடைசி சில வாரத்துல தன் ரத்தத்துல இருக்கறதை இழுத்து மடியில சேர்த்து வைக்கும். அதான் சீம்பால். குட்டியோட குடலும் முதல் நாள் மட்டும் கதவைத் தொறந்து வெச்சு, அதை அப்படியே ரத்தத்துக்குள்ள விடும். நேரம் ஆக ஆக மூடிக்கிட்டே வரும். மத்தியானம் பன்னண்டுக்குள்ள குடுத்துட்டா ரொம்ப நல்லது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மேல குடம் குடமாக் குடுத்தாலும் அது வெறும் பால்தான்."

"எங்க போய் வாங்கறது?"

"உயராய்வு நிறுவனத்துல சீம்பால் வங்கி வெச்சிருக்காங்களே, பேப்பர்லகூட படம் வந்துச்சு. ஓடுங்க."

சைக்கிள் கடைக்காரர் டியூப் வந்த அட்டைப் பெட்டி ஒன்றில் பழைய கம்பளியை விரித்தார். இரண்டு குட்டிகளையும் உள்ளே படுக்க வைத்துக் கேரியரில் கட்டினார்.

"ரெண்டுக்கும் கேட்டு வாங்குங்க. சின்னதை முதல்ல குடிக்க விடுங்க, அதுக்குத் தெம்பு கம்மி" என்றார் மனைவி.

நிறுவனத்தின் முழுப்பெயர் ஒரே பலகையில் அடங்காதது. அதனால் இரண்டு பலகைகளில் எழுதியிருந்தார்கள். இரண்டாவது பலகை போன வருஷக் காற்றில் விழுந்துவிட்டது. மீதியிருந்ததில் 'செம்மறியாட்டு நோய் எதிர்ப்பாற்றல் உயராய்வு மற்றும்' என்று இருந்தது. மற்றும் என்ன என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே மறந்துவிட்டிருந்தது. அதனால் எந்த வேலைக்கும் குறைவில்லை.

மணி எட்டரை. வாசலுக்குள் ஆளுயரத்தில் ஒரு விளம்பரம்: 'பிறந்த குட்டிக்குச் சீம்பால், ஆறு மணி நேரத்துக்குள்! ஒவ்வொரு நிமிடமும் உயிர்!' அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: 'வங்கி வேலை நேரம் பதினொன்று முதல் ஒன்று வரை. சீம்பால் விழிப்புணர்வு வாரத்தை முன்னிட்டு இந்த வாரம் வங்கி இயங்காது.'

சைக்கிள் கடைக்காரர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வாசல் காவலாளியைப் பார்த்தார். காவலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"விழா நடக்குதுங்க. ஆனா ஆளுங்க எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. கேட்டுப் பாருங்க. காலை மருந்துத் தண்ணியில முக்கிட்டுப் போகணும். சைக்கிளையும் முக்கணும்."

காலை முக்கினார். சைக்கிளையும் முக்கினார். சங்கிலியில் இருந்த எண்ணெய் எல்லாம் மிதந்தது. அதற்குள், வெளிக் கிருமி உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் உயிர்க்காப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். தலைக்கு ஓர் உறை, வாய்க்கு ஓர் உறை, கைக்கு உறை. பேச வேண்டியிருந்ததால் வாய் உறையை மட்டும் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தார்.

"வெளி விலங்கா? ரத்தப் பரிசோதனை பண்ணாம உள்ள விட முடியாது."

பரிசோதனை செய்தார்கள். பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத இரண்டு உயிர்களிடமிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். இதில் மட்டும் நிறுவனம் மின்னல் வேகம். நாற்பது நிமிடத்தில் முடிவு வந்தது.

"எதிர்ப்பொருள் அளவு பூஜ்யம்" என்றார் அதிகாரி, வருத்தத்துடன். "நோய் எதிர்ப்பு இல்லாத விலங்கை வளாகத்துக்குள்ள அனுமதிக்கறது விதிப்படி குத்தம். உள்ள எத்தனையோ கிருமி இருக்கும். உங்க குட்டியோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அது இல்லாததாலதான சார் வாங்க வந்திருக்கேன்."

"தாராளமா வாங்குங்க. வாங்கிக் குடுத்து, அளவு ஏறினதும் கூட்டிட்டு வாங்க. நானே உள்ள விடறேன்."

"எங்க சார் வாங்கறது?"

"உள்ளதான்."

சைக்கிள் கடைக்காரர் இருபது வருஷமாக ஓட்டையைத் தேடி அடைக்கும் தொழில் செய்கிறவர். இந்தப் பேச்சில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. காவலாளி பெட்டியைத் தூக்கித் தன் மேசைக்கு அடியில் நிழலில் வைத்தார். "நான் பாத்துக்கறேன். நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

வங்கி ஒரு குளிர்ந்த அறை. சுவரை ஒட்டி ஆறு உறைபெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. வங்கிக் காப்பாளரான அம்மையார் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழாவுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்ததால் வங்கி திறந்திருந்தது.

"சீம்பால் வேணும் மேடம். பொறந்து நாலு மணி நேரம் ஆச்சு. ரெண்டு குட்டி."

"இன்னிக்கு விடுமுறை. இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. படிவம் தர்றேன், நிரப்பிக் குடுங்க."

படிவம் நான்கு பக்கம். பயனாளியின் பெயர். பயனாளியின் தொழில். பயனாளி இதற்கு முன் சீம்பால் அருந்தியதுண்டா, ஆம் எனில் எத்தனை ஆண்டுகளாக. கடைசியில், பயனாளியின் கையொப்பம் அல்லது முன்னங்கால் குளம்பின் பதிவு, அதிகாரி முன்னிலையில்.

"குட்டியை உள்ள விட மாட்டேங்கறாங்களே மேடம்."

"அப்ப நான் வெளிய வரணும். வங்கியை விட்டு நான் வெளிய போகக் கூடாது." அம்மையார் யோசித்தார். நல்ல மனசுக்காரர். மை அட்டையை எடுத்து நீட்டினார். "வாசல்ல பதிவு எடுத்துட்டு வாங்க. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்கேன். அது முன்னிலைதான்."

அவர் ஓடினார். வெள்ளைக் குட்டியின் குளம்பில் மையைத் தடவிப் பதித்துக்கொண்டு ஓடி வந்தார். கறுமூக்குக்கு இன்னொரு படிவம் கேட்டார்.

"ஒரு படிவம்தான் இருந்துச்சு. அச்சகத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம்."

"ஒரே தாய், ஒரே பிரசவம் மேடம். அதுலயே ரெண்டாவது பேரையும் எழுதிக்கலாமே."

"பயனாளிங்கற வார்த்தை ஒருமையில இருக்கு, பாருங்க."

பார்த்தார். ஒருமையில்தான் இருந்தது.

"சரி, ஒண்ணுக்காவது குடுங்க. பாதிப் பாதியாக் குடுத்துக்கறேன்."

அம்மையார் ஓர் உறைபெட்டியைத் திறந்து காட்டினார். வெள்ளைப் புகைக்குள் பாட்டில்கள் அணிவகுத்து நின்றன. எல்லாவற்றிலும் எண், தேதி, சிவப்பு முத்திரை. "மொத்தம் இருநூத்திப் பன்னண்டு. எல்லாம் நம்ம பண்ணை ஆடுங்களோட முதல் கறவை. ஒரு சொட்டு சிந்தினதில்ல."

"அப்பாடா" என்றார் சைக்கிள் கடைக்காரர். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

"ஆனா தரச் சான்று இல்லாம வெளிய குடுக்கக் கூடாது. தரம் பாக்கணும்னா முத்திரையை உடைச்சுத் தொறக்கணும். முத்திரை உடைஞ்ச பாட்டிலை வெளிய குடுக்கக் கூடாது."

"அப்ப இதுவரைக்கும் எத்தனை குட்டிக்குக் குடுத்திருக்கீங்க?"

அந்தக் கேள்வி அம்மையாரைப் புண்படுத்திவிட்டது. "இது வங்கிங்க. சேமிக்கற இடம். எல்லாரும் வந்து எடுத்துட்டுப் போயிட்டா அப்புறம் என்ன வங்கி?"

மணி பதினொன்றேகால். அரங்கத்தில் இயக்குநரின் பேச்சு தொடங்கியிருந்தது. அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சைக்கிள் கடைக்காரர் உள்ளே நுழைந்து கதவோரம் நின்றார். மேடையில் நீலத் துணி விரித்த மேசை. அதன் நடுவில், மலர் வளையத்துக்குள், முத்திரை உடைத்துப் பதமாகச் சூடாக்கிய ஒரு பாட்டில். காட்சிக்கு வைக்கும் பாட்டிலுக்குத் தரச் சான்று தேவையில்லை என்று விதியில் இருந்தது. பக்கத்தில் சிறப்பு விருந்தினர், கண்ணை மூடிச் சிந்தனையில் இருந்தார்.

"தாய் ஆட்டின் உள்ளே நடப்பதை நினைத்துப் பாருங்கள்" என்று முழங்கினார் இயக்குநர். "ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, மடியின் சின்னஞ்சிறு அணுக்கள் ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருளை அடையாளம் கண்டு, கைப்பிடித்து அழைத்துவந்து, சீம்பாலில் விடுகின்றன. விண்ணப்பம் உண்டா? இல்லை. மேலொப்பம் உண்டா? இல்லை. எந்தக் குட்டி வந்து முட்டினாலும் தாய் கொடுத்துவிடுகிறது! அன்பர்களே, இயற்கையின் மிகப் பெரிய குறை இது. அங்கே முறை என்பதே கிடையாது. அந்த ஒழுங்கீனத்தைச் சரிசெய்யத்தான் இந்த நிறுவனம் பிறந்தது. பதினோரு ஆண்டுகளில் எங்கள் வங்கியிலிருந்து ஒரு சொட்டுக்கூட முறைகேடாக வெளியே போனதில்லை. முறையாகவும் போனதில்லை என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் கண் திறந்தார். அடுத்த நிகழ்ச்சி, அவர் தன் கையால் ஒரு குட்டிக்குச் சீம்பால் புகட்டுவது. அதற்காகப் பண்ணையிலிருந்து கொண்டுவந்திருந்த குட்டிக்கு இரண்டு மாதம். முதல் ஒத்திகையிலேயே அது புகைப்படக்காரரை முட்டித் தள்ளிவிட்டது. பிறந்த குட்டி வேண்டும், உடனே வேண்டும் என்று மேடையிலிருந்து கண்சாடை போயிற்று.

உயிர்க்காப்பு அதிகாரி வாசலுக்குப் பறந்தார். எல்லா உறைகளும் காற்றில் படபடக்கத் திரும்பி வந்தபோது அவர் மார்பில் வெள்ளைக் குட்டி இருந்தது.

"சார், பூஜ்யம்னு சொன்னீங்களே?" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"விழாவுக்கு விலக்கு உண்டு. தள்ளுங்க."

"இன்னொண்ணு சின்னது சார். அதுக்குத்தான் முதல்ல…"

"அதுக்கு மூக்கு கறுப்பு. படத்துல வராது."

சிறப்பு விருந்தினர் பாட்டிலைச் சாய்த்தார். ஒரு வாய், ஒரு படம் என்பதுதான் திட்டம். ஆனால் ஆறு மணியிலிருந்து ஒன்றும் கிடைக்காத குட்டிக்குத் திட்டம் தெரியாது. வாலை ஆட்டிக்கொண்டு உறிஞ்சியது. புகைப்படக்காரர், "ஐயா கொஞ்சம் சிரிங்க" என்றார். ஐயா சிரிக்க நேரம் பிடித்தது. "இந்தப் பக்கம் ஒண்ணு" என்றார். "இயக்குநர் சாரும் சேர்ந்து நில்லுங்க" என்றார். இயக்குநர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வந்து சேர்வதற்குள் பாட்டில் காலி. மணி பதினொன்று ஐம்பது.

சைக்கிள் கடைக்காரர் மேடை ஓரத்துக்கே போய்விட்டார். "ஐயா, இதோட தம்பி ஒண்ணு வாசல்ல இருக்குங்க. அதுக்கும் ஒரு பாட்டில் சொல்லுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சிறப்பு விருந்தினர் அவரைக் கனிவோடு பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். "ஒரு படம் போதும்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்கு நிறுவனம் விழித்தபோது, இருப்பில் ஒரு பாட்டில் குறைவது தெரியவந்தது. பதினோரு ஆண்டுச் சாதனை உடைந்துவிட்டது. மூன்று பேர் கொண்ட குழு அவசரமாகக் கூடியது. சைக்கிள் கடைக்காரரை நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். வெள்ளைக் குட்டி அவர் மடியில் நிம்மதியாகத் தூங்கியது.

"அதுல இருந்த எதிர்ப்பொருள் நிறுவனச் சொத்து. குடிச்சதைத் திருப்பித் தர முடியுமா?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"எப்படி சார்?"

மூத்த விஞ்ஞானி குறுக்கிட்டார். "முடியாது சார். இந்நேரம் குடலைத் தாண்டி ரத்தத்துல கலந்திருக்கும். முதல் நாள்ல அப்படியே முழுசா உள்ள போயிடும். அதான் சீம்பாலோட சிறப்பே."

"எங்க போச்சுன்னு தெரியுதுல்ல? அப்ப சொத்து தொலையலை, இடம் மாறியிருக்கு. குட்டியைக் கொள்கலன்னு பதிவு பண்ணிடுங்க."

அப்படியே செய்தார்கள். இருப்புப் பதிவேட்டில் பாட்டில் என்ற இடத்தை அடித்துவிட்டுக் 'கொள்கலன், நான்கு கால், வெள்ளை' என்று எழுதினார்கள். அடித்த இடத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கொள்கலனைச் சாய்க்கவோ வெயிலில் வைக்கவோ கூடாது என்று சைக்கிள் கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவர், "சின்னதுக்கு நேரம் போகுது சார்" என்றார். ஒவ்வொரு முறையும் அவர்கள், "அது இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வராது" என்றார்கள்.

வெளியே விட்டபோது மணி ஐந்து. காவலாளி கறுமூக்கை மடியில் போட்டு, எதிர்க் கடையில் வாங்கிய பாலைத் துணியில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. மனசு கேக்கல" என்றார்.

வீட்டில் மனைவிக்கு அவர் முகமே சொல்லிவிட்டது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடு வளர்க்கிற வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எங்கேயும் புதிதாக ஈன்ற ஆடு இல்லை. ஒரு வீட்டில் குட்டி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பாலையும் வாங்கிவந்து கொடுத்தார். பத்து நாள் கழித்து வருகிற பாலில் அந்தச் சரக்கு பெயருக்குத்தான் இருக்கும் என்று சாயங்காலம் ஊசி போட வந்த டாக்டரம்மா சொன்னார். மறுநாள் காலை ஆறு மணி அடித்தபோது அந்த அம்மாள் கறுமூக்கைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குட்டி அவர் காதைச் சப்பிக்கொண்டிருந்தது.

கறுமூக்கு பன்னிரண்டு நாள் துள்ளி விளையாடியது. அண்ணனை விடச் சுட்டி. கடைக்குள் புகுந்து வால்வுக் குழாயைக் கவ்விக்கொண்டு ஓடும். பதின்மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. டாக்டரம்மா இரண்டு வேளை வந்தார். பதினைந்தாம் நாள் காலையில் அது எழவில்லை. அதே தொழுவத்தில் அதே தண்ணீரைக் குடித்த வெள்ளைக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

சைக்கிள் கடைக்காரர் அன்று கடை திறக்கவில்லை. "பெட்டியில சின்னதை மேல வெச்சிருக்கணும். அந்த அதிகாரி கையில அதுதான் முதல்ல தட்டுப்பட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"போதும், விடுங்க" என்றார் மனைவி. "உங்க மேல என்ன தப்பு?" சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு கார் வந்து கடை வாசலில் நின்றது. இயக்குநர் இறங்கினார், பின்னால் மூத்த விஞ்ஞானி, அவருக்குப் பின்னால் புகைப்படக்காரர். இயக்குநர் சைக்கிள் கடைக்காரரின் கிரீஸ் கையை அப்படியே பிடித்துக் குலுக்கினார்.

"எப்பேர்ப்பட்ட ஆய்வு பண்ணியிருக்கீங்க! ஒரே தாய், ஒரே நாள். ஒண்ணுக்குச் சீம்பால், இன்னொண்ணுக்கு வெறும் பால். ஒண்ணு இருக்கு, ஒண்ணு போயிடுச்சு. இவ்வளவு சுத்தமான முடிவை எங்களால பதினோரு வருஷத்துல எடுக்க முடியல. கட்டுரை எழுதிட்டோம். உங்களுக்குச் சிறந்த மக்கள் ஆய்வாளர்னு பட்டம் குடுக்கப் போறோம்."

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே" என்றார் அவர்.

"அதைத்தான் சொல்றேன்! அந்தச் சின்னக் குட்டிக்கு ஒரு சொட்டுக்கூடக் குடுக்காம இருந்தீங்களே, அந்தப் பொறுமை எந்த விஞ்ஞானிக்கு வரும்?"

மனைவி உள்ளேயிருந்து வந்தார். "குடுக்காம இருந்தது நாங்க இல்லீங்க."

"அடக்கம்" என்று இயக்குநர் விஞ்ஞானியைப் பார்த்துச் சொன்னார். விஞ்ஞானி குறித்துக்கொண்டார். "ஒரே ஒரு உதவிம்மா. ஒரு ஜோடியை வெச்சு முடிவு சொன்னா உலகம் ஒத்துக்காது. உங்ககிட்ட இன்னும் மூணு ஆடு இருக்காமே. குட்டி போட்டா பாதிக்குக் குடுங்க, பாதிக்கு நிறுத்திடுங்க. எதுக்கு நிறுத்தணும்னு நாங்களே சீட்டுக் குலுக்கிச் சொல்றோம்."

அந்த அம்மாள் "மூணும் குட்டி போட்டாச்சுங்க. அஞ்சு குட்டி. அஞ்சும் தாய்கிட்ட வயிறு முட்டக் குடிச்சிடுச்சு. வெயில் ஏறுது, நீங்க கிளம்புங்க" என்றார்.

அஞ்சு குட்டியும் குடித்தது போக மீந்த சீம்பாலைக் கறந்து, ஐஸ் கடைக்காரரின் பெட்டியில் ஒரு மூலையில் அவர் சேர்த்து வைத்திருந்ததை இயக்குநரிடம் சொல்லவில்லை. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நேரம் என்று ஒன்றும் கிடையாது. கதவைத் தட்டினால் போதும்.

அடுத்த வாரம் காவலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஞ்சர் என்றார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்த கடைக்காரர், "ஓட்டையே இல்லையே அண்ணே" என்றார்.

காவலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அந்த அம்மாளிடம் திரும்பினார். "பண்ணையில காலையில நாலு குட்டி பொறந்திருக்கும்மா. முதல் கறவை மொத்தத்தையும் வங்கிக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. குட்டிங்களுக்குப் பவுடர் பால்தான். எப்பவும் அப்படித்தான். மூணாவது வாரத்துல நான்தான் குழி தோண்டுவேன்."

அந்த அம்மாள் ஐஸ் கடைக்கு ஓடினார். நான்கு பாட்டில் கொண்டுவந்து காவலாளியின் பையில் வைத்து, "கொதிக்க வெச்சிடாதீங்க, வெதுவெதுன்னு இருந்தா போதும். இருக்கறதுல சின்னதுக்கு முதல்ல" என்றார்.

பண்ணைக் குட்டிகள் மூன்றாவது வாரத்தில் ஏன் சாகின்றன என்பதுதான் நிறுவனத்தின் தலையாய ஆராய்ச்சி. பதினோரு ஆண்டுகளாக நடக்கிறது. அதற்கென்று தனிக் கட்டடம் இருக்கிறது. அந்த முறை மூன்றாவது வாரம் வந்தது, போனது, நான்கு குட்டிகளும் சாகாமல் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. ஆராய்ச்சி நின்றுபோய்விடும் அபாயம் ஏற்பட்டதால் இயக்குநர் அவற்றின் ரத்தத்தைப் பரிசோதிக்க உத்தரவிட்டார். நான்கிலும் எதிர்ப்பொருள் நிறைந்திருந்தது. அது எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று கண்டுபிடிக்க ஏழு பேர் கொண்ட உயர்நிலைக் குழுவை அமைத்தார்கள். குழு முதலில் வேலியைச் சோதித்தது. பிறகு கூரையைச் சோதித்தது. இப்போது தண்ணீர்க் குழாய்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறது.